நட்சத்திரம் ஒட்டினேன், பிள்ளை ரப்பரைத் திருடி என்னிடமே கொடுக்கிறான்: எங்கே தவறினேன்?

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தில் ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஒன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த வருடம் மூன்றாம் வகுப்பும் நான்காம் வகுப்பும் சேர்த்து என்னிடம், மொத்தம் 24 பிள்ளைகள். மூன்று வாரமாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது, இங்கே அனுபவம் உள்ளவர்கள் இருப்பீர்கள் என்று கேட்கிறேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து வகுப்பில் பென்சில், ரப்பர், ஷார்ப்னர் காணாமல் போவது அதிகமாக இருந்தது. தினம் யாராவது ஒரு பிள்ளை அழுதுகொண்டு வரும், எல்லார் பையையும் கொட்டிப் பார்க்க வேண்டும், அதிலேயே ஒரு பாடவேளை போய்விடும். சரி, நல்லதைப் பாராட்டினால் கெட்டது தானாகக் குறையும் என்று நினைத்துச் சுவரில் ஒரு சார்ட் மாட்டினேன். கீழே கிடக்கும் பொருளை எடுத்து வந்து கொடுத்தால் பெயருக்கு நேரே ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் ஒரு பேனா. முதல் இரண்டு வாரம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஒரு ரூபாய்க் காசைக்கூடக் கொண்டு வந்து கொடுத்தார்கள்.

அப்புறம் ஒன்று கவனித்தேன். நட்சத்திரம் கூடிக்கொண்டே போகிறது, பொருள் காணாமல் போவது மட்டும் குறையவே இல்லை. ஒரு நாள் இடைவேளையில் ஜன்னல் வழியாக நானே பார்த்தேன். ஒரு பையன், நன்றாகப் படிப்பவன், பக்கத்துப் பையனின் பையைத் திறந்து ரப்பரை எடுத்து டவுசர் பாக்கெட்டில் போட்டான். மணி அடித்ததும் நேரே என்னிடம் வந்து, "டீச்சர், இது கீழ கிடந்துச்சு" என்று நீட்டினான். "நீதான் எடுத்தியா?" என்று கேட்டேன். "சத்தியமா இல்ல டீச்சர்" என்றான். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை. காலை வழிபாட்டில் திருக்குறளும் பொருளும் சொல்வது அவன்தான்.

எட்டு வயதுப் பிள்ளையை நான்தான் இப்படி ஆக்கினேனா என்று நினைத்து அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்த வயதுப் பிள்ளைகள் சரியானதைச் செய்வதையும் செய்யாமல் விடுவதையும் எதுதான் தீர்மானிக்கிறது? நாம் சொல்லிக் கொடுப்பதா, வீடா, கூட்டாளிகளா, செல்போனா? கூட வேலை பார்க்கும் சார், "ஒரு அடி போடுங்க, சரியாயிடும்" என்கிறார். சட்டப்படியும் அடிக்கக் கூடாது, எனக்கு மனமும் வராது. அன்றைக்குப் பிறகு அவனிடம் எதுவும் பேசவில்லை. சார்ட்டும் அப்படியே தொங்குகிறது.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் எழுதியது:

அம்மா, முதல் வேலையாக அந்தப் பையனைத் திருடன் என்று மனதுக்குள்கூட எழுதி வைத்துவிடாதீர்கள். 34 வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தேன். அதில் பாதிக் காலம் நான் செய்த பிழை அதுதான். ஜூலை மாதத்துக்குள் இன்னார் யோக்கியன், இன்னார் கள்ளன் என்று முடிவு கட்டிவிடுவேன். அப்புறம் ஏப்ரல் வரை அந்தப் பிள்ளை என்ன செய்தாலும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பேன்.

என் மனதை மாற்றியது ஒரு பழைய ஆய்வு, பணியிடைப் பயிற்சி ஒன்றில் கேள்விப்பட்டது. 1920களின் பிற்பகுதியில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு பேர் அமெரிக்காவில் ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். தன் விடைத்தாளைத் தானே திருத்தச் சொன்னால் பதிலை மாற்றுகிறார்களா, உடற்பயிற்சிப் போட்டியில் தன் கணக்கைத் தானே எழுதச் சொன்னால் கூட்டி எழுதுகிறார்களா, யாரும் பார்க்காதபோது கையில் வந்த காசைத் திருப்பி வைக்கிறார்களா என்று பல விதமாகப் பார்த்தார்கள். எங்கேயும் ஏமாற்றாத பிள்ளை, எல்லா இடத்திலும் ஏமாற்றும் பிள்ளை என்று இரண்டு கூட்டமாகப் பிரித்துவிடலாம் என்றுதான் அவர்களும் எதிர்பார்த்திருப்பார்கள். அப்படிப் பிரியவில்லை. பரீட்சையில் ஏமாற்றிய பிள்ளை காசை அப்படியே திருப்பி வைத்தது. காசில் தவறிய பிள்ளை விளையாட்டில் நேர்மையாக இருந்தது. நேர்மையைப் பற்றி வகுப்பு எடுத்ததும், ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்புக்குப் போனதும் பெரிய வித்தியாசம் எதையும் செய்யவில்லை. ஆனால் ஒரே வகுப்பறையில் உட்கார்ந்த பிள்ளைகளின் நடத்தை ஒன்றை ஒன்று ஒத்திருந்தது.

இந்தக் கடைசிச் செய்தி எனக்கு உறைத்தது. எங்கள் பள்ளியில் நான்காம் வகுப்பில் இரண்டு பிரிவு இருந்த காலம் அது. சொல்வதெழுதுதலை அவரவரே திருத்த விட்டால் என் பிரிவில் பாதிப் பேர் ரப்பரால் அழித்து மாற்றுவார்கள். பக்கத்துப் பிரிவில் ஒன்றிரண்டு பேர்தான். இரண்டும் ஒரே தெருப் பிள்ளைகள், சிலர் ஒரே வீட்டுப் பிள்ளைகள். வித்தியாசம் என்னவென்று பார்த்தால், நான் மதிப்பெண்ணைச் சத்தமாக வாசிப்பேன், ஐந்துக்குக் கீழே எடுத்தவர்களை எழுந்து நிற்க வைப்பேன். பக்கத்து டீச்சர் நோட்டை வாங்கி அமைதியாகப் பார்த்துவிட்டு, தவறான சொல்லை மட்டும் மூன்று தடவை எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுப்பார். நானும் வாசிப்பதை நிறுத்தினேன். இரண்டு மாதத்தில் என் பிரிவிலும் அழிப்பது வெகுவாகக் குறைந்தது. நேர்மையைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை.

உங்கள் சார்ட்டையும் அந்தக் கண்ணோடு பாருங்கள். கீழே கிடக்கும் பொருளுக்கு நட்சத்திரம் என்றால் பொருள் கீழே கிடக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை ரப்பர்தான் தானாக விழும்? அந்தப் பையன் நன்றாகப் படிக்கிறவன் என்று சொன்னீர்கள், அவனுக்கு இந்தக் கணக்கு முதலில் புரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பழைய மாணவன் எழுதியது:

ஐயா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தது கிராமத்துப் பள்ளியில். ஒரு தடவை பக்கத்துப் பையனின் பலப்பத்தை எடுத்ததற்கு வாத்தியார் புளியங்குச்சியால் கையில் ஆறு அடி போட்டார். அதற்குப் பிறகு இன்றுவரை அடுத்தவர் பொருளைத் தொட்டதில்லை. இப்போது பிள்ளைகளுக்குப் பயமே இல்லை. பயம் இல்லாத இடத்தில் ஒழுக்கம் எங்கிருந்து வரும்? எல்லாவற்றுக்கும் ஆராய்ச்சி சொல்கிறோம், ஆனால் அடி வாங்கி வளர்ந்த எங்கள் தலைமுறையில் எத்தனையோ பேர் நல்லவர்களாகத்தானே இருக்கிறோம்? கோபத்தில் எழுதவில்லை டீச்சர், உண்மையாகவே கேட்கிறேன்.

உளவியல் ஆய்வு மாணவி எழுதியது:

அண்ணா, உங்கள் கேள்வி நியாயமானது, அதனால் நேரடியாகவே பதில் சொல்கிறேன். அடிக்குப் பிறகு திருடாமல் இருந்த பிள்ளைகளை நமக்குத் தெரியும், அவர்கள்தான் இப்படிச் சொல்கிறார்கள். அடிக்குப் பிறகு மாட்டிக்கொள்ளாமல் திருடக் கற்றுக்கொண்ட பிள்ளை அதை இங்கே வந்து எழுதாது.

மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நகரத்தில் ஒரே பகுதியில் இருந்த இரண்டு பள்ளிகளை வைத்து விக்டோரியா தல்வார், காங் லீ என்ற இருவர் செய்த ஆய்வு 2011ல் வந்தது. ஒரு பள்ளியில் பென்சில் மறந்து வந்தாலும் குச்சியால் அடி, கிள்ளு, அறை. இன்னொன்றில் கண்டிப்பார்கள், பெரிய தப்பு என்றால் தலைமையாசிரியரிடம் அனுப்புவார்கள், அடி கிடையாது. சின்னப் பிள்ளைகளை ஒவ்வொருவராக ஓர் அறையில் உட்கார வைத்து, பின்னால் ஒரு பொம்மையை வைத்து, "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். அடி அவர்களைத் தடுக்கவில்லை. "பார்த்தாயா?" என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடிக்காத பள்ளியில் பார்த்த பிள்ளைகளில் பாதிக்குச் சற்று மேல் பொய் சொன்னார்கள். அடிக்கும் பள்ளியில் ஏறக்குறைய எல்லாருமே பொய் சொன்னார்கள், அடுத்தடுத்த கேள்வியிலும் மாட்டிக்கொள்ளாமல் அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் அவ்வளவு தேர்ச்சியாகப் பொய் சொல்கிறார்கள் என்றால் பள்ளி அவர்களுக்கு அதைத்தான் பழக்கியிருக்கிறது.

டீச்சர், நீங்கள் அடிக்கிறவர் இல்லை. ஆனால் "நீதான் எடுத்தியா?" என்ற கேள்வியை யோசித்துப் பாருங்கள். உங்களுக்கு விடை தெரியும். தெரிந்த விடையைக் கேட்டால் பிள்ளைக்கு அது கேள்வி இல்லை, பொறி. பொறியில் மாட்டினால் எல்லார் முன்னாலும் அவமானம், சேர்த்து வைத்த நட்சத்திரமும் போய்விடும். உண்மையைச் சொல்வதற்கு அந்த நேரத்தில் அவனுக்கு என்ன வழி இருந்தது? "நீ எடுத்ததை நான் பார்த்தேன், வா, இதை என்ன செய்யலாம் என்று பேசுவோம்" என்று தனியாகக் கூப்பிட்டிருந்தால் பொய்க்கே இடம் இருந்திருக்காது.

அடுத்து நட்சத்திரம். இதில் இரண்டு ஆய்வுகள் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகின்றன. 1973ல் மார்க் லெப்பரும் அவருடன் இருந்தவர்களும் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த சான்றிதழ் தருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், பரிசு வாங்கிய பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதியளவுதான் வரைந்தார்கள். 2008ல் வார்னெக்கன், டொமசெல்லோ இருவரும் ஒன்றரை வயது தாண்டிய, இன்னும் இரண்டு வயது ஆகாத குழந்தைகளிடமே இதைப் பார்த்தார்கள். கீழே விழுந்த பொருளை எடுத்துக் கொடுத்ததற்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சாமான் பரிசாகக் கிடைத்த குழந்தைகள், பரிசு நின்ற பிறகு எடுத்துக் கொடுப்பதைக் குறைத்துக்கொண்டன. எதுவும் கிடைக்காத குழந்தைகளும், வாயால் பாராட்டு மட்டும் கிடைத்த குழந்தைகளும் முன்போலவே உதவின. கீழே விழுந்ததை எடுத்துக் கொடுப்பது பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காமலே வரும் ஆசை. அதற்குச் சம்பளம் போட்டால் வேலையாகிவிடுகிறது.

கதை சொல்வதைப் பற்றியும் ஒன்று. "புலி வருது, புலி வருது" கதையை நாம் எல்லாரும் சொல்கிறோம். 2014ல் கனடாவில் காங் லீயின் குழு மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளிடம் அதேபோல ஓநாய் வருகிறது என்று பொய் சொன்ன பையனின் கதையைச் சொல்லிப் பார்த்தது. பொய் சொன்னவன் தண்டனை அடையும் அந்தக் கதை பொய்யைக் குறைக்கவில்லை. மரத்தை வெட்டியதை அப்பாவிடம் ஒப்புக்கொண்ட ஜார்ஜ் வாஷிங்டன் கதை குறைத்தது, ஏனென்றால் அதில் அப்பா உண்மை சொன்னதற்காகச் சந்தோஷப்படுகிறார். அந்த முடிவை மாற்றிச் சொன்னபோது அதன் பலனும் போய்விட்டது. நமக்கு அதைவிட நெருக்கமான, உண்மையிலேயே நடந்த ஒன்று இருக்கிறது. காந்தி சிறு வயதில் அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் தங்கத்தைத் திருடியதும், மனம் தாங்காமல் அதைக் கடிதமாக எழுதி நோயில் படுத்திருந்த அப்பாவிடம் கொடுத்ததும், அப்பா ஒரு சொல் திட்டாமல் கண்ணீர் விட்டு அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டதும். பிள்ளைகளிடம் இதைச் சொல்லிவிட்டு, அப்பா என்ன செய்திருப்பார் என்று நினைத்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

இரட்டையர் அப்பா எழுதியது:

டீச்சர், நீங்கள் எல்லாப் பழியையும் உங்கள் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள். பிள்ளை உங்களிடம் இருப்பது ஆறு ஏழு மணி நேரம். நான் செய்ததைச் சொல்கிறேன்.

போன வருடம் தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது ரயிலில் என் இரட்டைப் பெண்கள் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கவில்லை. ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு டிக்கெட் வேண்டாம், இவர்களுக்கு ஆறு முடிந்திருந்தது. "டி.டி.ஆர் மாமா கேட்டா நாலு வயசுன்னு சொல்லுங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். அவரும் கேட்டார், இவர்களும் சொன்னார்கள். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார், நானும் சமர்த்து என்று முதுகில் தட்டினேன். பொங்கல் சமயம் பாட்டி கொடுத்த 50 ரூபாயைச் செலவு செய்துவிட்டுத் தொலைந்துவிட்டது என்று பெரியவள் சொன்னாள். கண்டுபிடித்துத் திட்டினேன். "நீங்களும் ரயில்ல பொய் சொல்லச் சொன்னீங்கல்ல, அது மட்டும் நல்ல பொய்யா?" என்று கேட்டாள். எதிர்த்துப் பேசவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அதற்கு அப்புறம்தான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 2014ல் கலிஃபோர்னியாவில் ஹேஸ், கார்வர் என்ற இருவர் இதையே சோதித்திருக்கிறார்கள். பக்கத்து அறையில் ஒரு கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று சில பிள்ளைகளைக் கூட்டிப்போய், பிறகு, சும்மா சொன்னேன், மிட்டாய் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் மேலே தங்கை சொன்ன பொம்மைச் சோதனை. பள்ளிக்குப் போகும் வயதுப் பிள்ளைகளில், ஏமாற்றப்படாதவர்கள் 60 சதவீதம் பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தவர்களில் 60 சதவீதம் பொய் சொன்னார்கள். பெரியவரால் ஏமாற்றப்பட்டவர்களில் கிட்டத்தட்ட 80 சதவீதம் பேர் பார்த்தார்கள், பார்த்தவர்களில் 90 சதவீதத்துக்கு அருகே பொய். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை, பள்ளிக்குப் போகும் வயதில்தான் தெரிந்தது. நம் பிள்ளைகள் அந்த வயதில்தான் இருக்கிறார்கள்.

ஊரிலிருந்து திரும்பும்போது இரண்டு பேருக்கும் அரை டிக்கெட் எடுத்திருந்தால்கூட அவளுக்கு என்னிடமிருந்து ஒரு பதில் கிடைத்திருக்கும். அதையும் செய்யவில்லை. இந்தக் கோடை விடுமுறைக்கு எடுத்தேன். டிக்கெட்டை அவர்கள் கையிலேயே கொடுத்தேன்.

சத்துணவு அக்கா எழுதியது:

பெரிய படிப்பு படித்தவர்கள் எழுதுகிற இடத்தில் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள். 18 வருடமாகப் பள்ளியில் சமைக்கிறேன். இரண்டாம் வகுப்புப் பெண் பிள்ளை ஒன்று தினமும் பத்து மணி போல அடுத்த பிள்ளையின் டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிடும். திருடி, திருடி என்றே கூப்பிட்டார்கள், அதன் பெயரே மறந்து போகிற அளவுக்கு. அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கே தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்விடும், வீட்டில் ஒன்றும் இருக்காது, பிள்ளைக்கு முந்தின நாள் இரவு சாப்பிட்டதுதான். 2023 ஆகஸ்டில் எங்கள் பள்ளிக்கும் காலை உணவு வந்தது. கிச்சடியும் சாம்பாரும் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிடும். அன்றோடு டப்பாவைத் தொடுவது நின்றது. யாரும் அதற்குப் புத்தி சொல்லவில்லை. "திருடி" என்ற பெயர் போவதற்குத்தான் இன்னும் ஒரு வருடம் ஆயிற்று.

உங்கள் வகுப்பில் முதன்முதலில் பென்சில் எடுத்த பிள்ளை யார், அதனிடம் பென்சில் இருந்ததா என்று பாருங்கள் டீச்சர்.

பழைய மாணவன் எழுதியது:

அக்கா எழுதியதைப் படித்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பலப்பத்தை நான் ஏன் எடுத்தேன் என்பது இப்போது நினைவுக்கு வருகிறது. என்னிடம் இல்லை. அப்பாவிடம் கேட்கப் பயம். அதை அன்று யாரும் என்னிடம் கேட்கவில்லை, நானும் இத்தனை வருடம் நினைத்துப் பார்க்கவில்லை.

இருந்தாலும் ஒன்று கேட்கிறேன். அடி வேண்டாம், சரி. தப்பு செய்த பிள்ளை ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடலாமா? பறிகொடுத்த பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

உளவியல் ஆய்வு மாணவி எழுதியது:

போய்விடக் கூடாது அண்ணா. மார்ட்டின் ஹாஃப்மன் என்பவர் பெற்றோர் கண்டிக்கும் விதங்களைப் பல வருடம் ஆராய்ந்தார். அடி, மிரட்டல், "உன்கூடப் பேச மாட்டேன்" என்று அன்பை நிறுத்துவது, இவற்றைவிட "நீ செய்ததால் அவனுக்கு என்ன ஆயிற்று பார்" என்று அடுத்தவர் வலியைக் காட்டிப் பேசும் வீடுகளில்தான் பிள்ளைகள் யாரும் பார்க்காதபோதும் சரியாக நடக்கிறார்கள் என்பது அவர் கண்டது. அடி விழுந்தால் பிள்ளைக்குத் தன் கைதான் வலிக்கும், கவனமெல்லாம் அங்கேதான் இருக்கும். ரப்பர் இல்லாமல் கணக்கை அழிக்க முடியாமல் உட்கார்ந்திருந்த பையனின் முகம் அதன் கண்ணில் படாது. எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, உடைத்ததைச் சேர்ந்து ஒட்டுவது, இவை பிள்ளைக்குக் கஷ்டமானவைதான். ஆனால் அந்தக் கஷ்டம் பறிகொடுத்தவனிடம் கொண்டுபோய் விடும்.

உடற்கல்வி ஆசிரியர் எழுதியது:

எல்லாரும் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள், டீச்சர் என்ன செய்தார், அப்பா என்ன செய்தார் என்று. எட்டு வயதுப் பிள்ளைக்கு நியாயம் கற்றுக்கொடுப்பதில் பாதிப் பங்கு இன்னொரு எட்டு வயதுப் பிள்ளைக்கு.

பியாஜே என்ற சுவிட்சர்லாந்து அறிஞர் பிள்ளைகளின் நியாய உணர்வைப் புரிந்துகொள்ள எங்கே போனார் தெரியுமா? கோலி விளையாடும் இடத்துக்கு. விதி யார் போட்டது, மாற்றலாமா என்று அவர்களிடமே கேட்டார். சின்னப் பிள்ளைகள் விதி என்பது பெரியவர்கள் போட்டது, மாற்றவே கூடாது என்றார்கள். ஆனால் விளையாடும்போது ஆளுக்கொரு விதமாக ஆடினார்கள். பத்து பதினொரு வயதுப் பிள்ளைகள், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள், ஒத்துக்கொண்டதை விடாமல் கடைப்பிடித்தார்கள். அவர் கேட்ட இன்னொரு கேள்வியும் பிரபலம். தெரியாமல் கதவு இடித்து 15 கோப்பையை உடைத்தவன், உயரத்தில் இருந்த ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போய் ஒன்றை உடைத்தவன், யார் அதிகத் தப்பு செய்தது? சின்னவர்கள் 15 உடைத்தவன் என்பார்கள். ஏழெட்டு வயதிலிருந்துதான் எண்ணத்தைப் பார்க்கும் பார்வை மெல்ல வருகிறது. டீச்சரின் வகுப்பு சரியாக அந்த வாசலில் நிற்கிறது.

எங்கள் மைதானத்தில் நான் தினமும் பார்ப்பதைச் சொல்கிறேன். யாராவது அழுகுணி ஆட்டம் ஆடினால் ஆட்டம் நின்றுவிடும். பத்து நிமிடம் சண்டை, "இவன் அவுட்டு, இல்லை" என்று கத்தல். முன்பெல்லாம் நான் விசிலோடு ஓடிப்போய்த் தீர்ப்பு சொல்வேன். இப்போது போவதில்லை, அடிதடி ஆனால் மட்டும்தான் போவேன். அவர்களே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள், ஏனென்றால் ஆட்டம் தொடர வேண்டும், அழுகுணி ஆடுபவனுக்கும் ஆட ஆள் வேண்டும். இன்னொன்று, தம்பி தங்கச்சியைக் கூட்டி வரும் பிள்ளைகள் அந்தக் குட்டியை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வார்கள். அதைத் தொட்டாலும் அவுட் இல்லை, அதுவும் எல்லாரோடும் ஓடலாம். இந்த விதியை எந்த வாத்தியார் சொல்லிக் கொடுத்தார்? வலுவில்லாதவனையும் விட்டுவிடாமல் ஆடுவதற்குப் பிள்ளைகளே கண்டுபிடித்தது அது, நாமும் சின்ன வயதில் அப்படித்தான் ஆடினோம்.

அதனால் என் யோசனை: ரப்பர் காணாமல் போகும் பிரச்சினையை அப்படியே 24 பேரிடமும் கொடுத்துவிடுங்கள். பெயர் எதுவும் சொல்லாமல். அவர்கள் என்ன விதி போடுகிறார்கள் என்று பாருங்கள். முதலில் பயங்கரமான தண்டனை எல்லாம் சொல்வார்கள், இந்த வயதில் அப்படித்தான் சொல்வார்கள், பொறுமையாக இருங்கள்.

மூன்றாம் வகுப்பு டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொரு பதிலையும் இரண்டு மூன்று தடவை படித்தேன். இடையில் மூன்று வாரம் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

அந்தப் பையனை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்ப மரத்தடிக்குத் தனியாகக் கூப்பிட்டு, தங்கை சொன்னது போல, நான் பார்த்துவிட்டேன் என்று நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். "ஒம்பது ஸ்டார் இருந்துச்சு டீச்சர், ஒண்ணுதான் வேணும்" என்றான். ஒன்பது. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. தப்பு உன்னுடையது மட்டும் இல்லை, அந்த சார்ட்டை அப்படி வைத்தது டீச்சர் செய்த தப்பு என்று சொன்னேன். ஆசிரியர் பிள்ளையிடம் அப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம், எனக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் உண்மையாகப் படவில்லை. ரப்பரைப் பறிகொடுத்தவனிடம் என்ன சொல்லப் போகிறாய் என்று மட்டும் கேட்டேன். இரண்டு நாள் எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் தன் ரப்பரைப் பாதியாக நறுக்கிப் பக்கத்துப் பையனிடம் கொடுத்தான். என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியாது, நானும் கேட்கவில்லை.

சார்ட்டைக் கழற்றும்போது பிள்ளைகள் விடவில்லை, எங்கள் ஸ்டார் எல்லாம் என்ன ஆகும் என்று ஒரே அழுகை. ஐயா, அந்தப் பாகம் நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. சேர்ந்திருந்ததற்கெல்லாம் எல்லாருக்குமே ஒரு பேனா வாங்கிக் கொடுத்து முடித்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்துக் கேட்டேன். உடற்கல்வி சார் சொன்னது அப்படியே நடந்தது. கையைக் கட்டிப் போடணும், வெயிலில் முட்டி போட வைக்கணும், போலீஸில் பிடித்துக் கொடுக்கணும். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். கடைசியில் நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எடுத்தவங்ககிட்ட இல்லாம இருந்தா?" என்று கேட்டாள். சத்தம் அடங்கிவிட்டது. அப்புறம் அவர்களே முடிவு செய்தது, ஒரு பழைய பிஸ்கட் டின்னில் துண்டுப் பென்சில், பாதி ரப்பர் எல்லாம் போட்டு ஜன்னல் ஓரம் வைப்பது, இல்லாதவர்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு சாயங்காலம் திருப்பிப் போடுவது.

சத்துணவு அக்கா கேட்டதையும் பார்த்தேன். பென்சிலே இல்லாமல் வரும் பிள்ளைகள் ஐந்து பேர். ஒன்பது வருடமாக "ஏன் கொண்டு வரல?" என்று திட்டியிருக்கிறேன், எண்ணிப் பார்த்ததில்லை.

டின் வைத்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் வாரம் சாயங்காலம் பார்த்தால் பாதிப் பென்சில் குறைந்திருந்தது. சார்ட்டைத் திரும்ப மாட்டலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. இந்த வாரம் திங்கள்கிழமை எண்ணினேன், 14 துண்டு. இன்று 17 இருக்கிறது. யாரோ கொண்டு வந்து போடுகிறார்கள். யார் என்று நான் பார்க்கவில்லை.

பையைக் கொட்டிப் பார்ப்பது நின்றுவிட்டது. கோள் சொல்வது மட்டும் நிற்கவில்லை, "டீச்சர், அவன் டின்ல இருந்து ரெண்டு எடுத்தான்" என்று தினம் நாலு பேர் வருகிறார்கள். அதற்கு யாரிடமாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.